மூட்டைக்காரனோடு முப்பது வருஷம்

கொளஞ்சியப்பன் உட்கார மாட்டார். ஜெயஸ்ரீயின் கேம் சென்டரில் ஏசி உண்டு, மெத்தை வைத்த நாற்காலிகள் உண்டு; அதெல்லாம் மற்றவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வருவார், துண்டால் கையை இரண்டு முறை துடைப்பார், குச்சியும் ஆறு பொத்தானும் பதித்த பெட்டியை மேசைமேல் ஏற்றுவார், நின்றபடியே டீவியில் சண்டை ஆட்டத்தைத் தொடங்குவார். "ஒக்காந்து அடிக்க இது என்னா கேரம்போர்டா?" என்பார். ஜெயஸ்ரீ கெஞ்சிப் பார்த்து விட்டுவிட்டாள்.

வாரத்தில் ஆறு நாள் பீங்கான் யூனிட்டில் வேலை. அச்சிலிருந்து வரும் பொம்மைகளின் பிசிறைச் செதுக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் பொம்மைக்கு மூக்கு போய்விடும். அப்படிப் பதவிசாக வேலை செய்யும் விரல்கள்தாம் ஏழாம் நாள் டீவியில் ஆட்களைத் தூக்கி வீசுகின்றன. நகக்கண்ணில் மட்டும் வெள்ளை மண் நிரந்தரம்.

ஆட்டத்தில் அவருடைய ஆள் மூட்டைக்காரன். கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாததால், தோளில் சாக்கோடு சண்டைக்கு வரும் அந்தத் துறைமுகக் கூலிக்கு விருத்தாசலத்துப் பையன்கள் வைத்த பெயர் அது. ஜங்ஷன் ரோட்டு வீடியோ கேம் கடையில் அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாகம் வந்து இறங்கியபோது கொளஞ்சியப்பனுக்கு வயது பதினாறு. மூன்றாம் பாகத்தில் மூட்டைக்காரனையே காணோம். "கம்பெனிக்காரனுக்குக் கண்ணு அவிஞ்சிபோச்சா?" என்று கத்திவிட்டு வந்தவர், அந்தப் பாகத்தைத் தொடவே இல்லை. நான்கில் தாடியோடு திரும்பி வந்தான். தட்டையாக இருந்த உடம்பு உருண்டு திரண்டிருந்தது. ஐந்து வந்ததும் எல்லோரும் இன்டர்நெட்டில் ஊர்பேர் தெரியாதவர்களோடு மோதினார்கள். "மூஞ்சி தெரியாதவன அடிச்சி என்னா பிரயோஜனம்?" என்று ஒதுங்கிக்கொண்டார். இப்போது ஆறு. மூட்டைக்காரனுக்குத் தலை நரைத்திருக்கிறது. "என்னோட சேந்துதான் அவனுக்கும் வயசாவுது, பாத்தியா?" என்று தன் கிருதாவைத் தடவிக் காட்டுகிறார். அதில் அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

ஆறாம் பாகத்தில் அவருக்கு ஒரே ஆத்திரம்தான். மூட்டையை வீச, குச்சியைக் கீழே, கோணலாக, முன்னால் என்று மடக்கி அடிக்க வேண்டும். அது கைவர அவருக்கு ஒரு முழுப்பரீட்சை லீவு பிடித்தது. இப்போது 'ஈஸி' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதைத் தேர்ந்துகொண்டால் ஒரே பொத்தானில் மூட்டை பறக்கிறது. "அதுவா அடிக்குது, அப்பறம் நீ எதுக்கு? அது ஆட்டமே இல்ல. அதுல ஜெயிச்சா செல்லாது." இதைக் கேட்காத ஆள் அந்தக் கடையில் இல்லை.

அப்படிப்பட்டவர், போன மாதம் கருவேப்பிலங்குறிச்சிக்குப் பஸ் ஏறிப்போய் அந்த ஈஸிக்கே வக்காலத்து வாங்கினார். அங்கே இருக்கும் மாயவனுக்காக. ஜங்ஷன் ரோட்டுக் காலத்திலிருந்து அவருக்கு எதிராளி மாயவன்தான். வேப்பூர் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்ததில், வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமல் போய்விட்டன. பதினோரு மாதமாகக் கடைப்பக்கம் வரவில்லை. மற்றவர்களை ஜெயித்து ஜெயித்துக் கொளஞ்சியப்பனுக்கு அலுத்துவிட்டது. அந்த ஒரு ஆள் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையே சப்பென்று ஆகிவிட்டது.

"இடது கையில குச்சி. வலது கட்டவெரலு ஒன்னு போதும்டா," என்றார்.

"அது ஆட்டமே இல்லன்னு நீதான சொன்ன?" என்றார் மாயவன்.

"சொன்னன். இப்ப வா."

"நீ எரக்கப்பட்டு வுட்டுக்குடுத்தன்னு தெரிஞ்சிது, அதோட சரி. அந்தக் கடப்பக்கமே தலவெச்சிப் படுக்கமாட்டன்."

போன ஞாயிறு மாயவன் இஸ்திரிச் சட்டையோடு வந்து சேர்ந்தார். ஜெயஸ்ரீ இன்னொரு பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கொளஞ்சியப்பன் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. முதல் சுற்றில் மாயவனை மூலையில் தள்ளிப் புரட்டி எடுத்துவிட்டார். இரண்டாவது சுற்று மாயவனுக்கு. மூன்றாவதில் இருவருக்கும் நூலளவுதான் உயிர் பாக்கி. கொளஞ்சியப்பன் குச்சியைக் கீழே, கோணலாக மடக்கி முன்னால் கொண்டுவருவதற்குள், மாயவனின் கட்டைவிரல் ஒரே ஒரு முறை அமுங்கியது. மூட்டைக்காரன் மல்லாந்துவிட்டான்.

செல்லாது என்று அவர் சொல்லப்போவதற்காக எல்லோரும் காத்திருந்தார்கள். கொளஞ்சியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

"போயிட்டாருங்களா?" என்றாள் ஜெயஸ்ரீ. மாயவன் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டுச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

ஜங்ஷன் ரோட்டுக் கடையில் அடுத்த ஆட்டத்துக்கு இடம் பிடிக்க மெஷின்மேல் காசு வைத்தால் காணாமல் போகும். அதனால் பையன்கள் யூனிட் குப்பையில் கிடக்கும் பீங்கான் சில்லைக் கொண்டுவந்து கண்ணாடிக்குக் கீழே வைப்பார்கள். தோற்றவன் வைத்தால், நீ ஜெயித்தது ஜெயித்ததுதான், மறுபடி மோத வருகிறேன் என்று அர்த்தம். ஒப்புக்கொள்ளாதவன் வைக்காமல் நடையைக் கட்டிவிடுவான். அந்தக் கடை மூடியபிறகு யாரும் அப்படிச் சில்லு வைத்ததில்லை.

கதவு திறந்தது. ரோட்டோரத்தில் பொறுக்கிய பீங்கான் சில்லு ஒன்றை வேட்டியில் துடைத்துக்கொண்டே கொளஞ்சியப்பன் உள்ளே வந்து, அதை டீவிக்குக் கீழே, மாயவன் பக்கமாக வைத்தார்.