ஈரோட்டு ஆட்டுக்கு ஒரு 'ம்'

மே மாசக் கடைசியில டீச்சர் வேலைங்கறது பாதி பாடம், பாதி மூட்டை கட்டுறது. அந்தப் பாடு பட்டவங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்? அமெரிக்காவுல, டெக்சாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவுல ஒரு ஹைஸ்கூல்ல உலக இலக்கியம் எடுக்கறேன்.

சிப்ஸ் கறை

வகுப்புப் புத்தகங்களைத் திருப்பி வாங்கிட்டிருந்தேன். என் வகுப்புப் பையன் மேசன் கொடுத்த கிரேக்க நாடகத்துல பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு சிவப்பா சிப்ஸ் தின்ன விரல் அடையாளம். "என்னடா இது கண்றாவி?"ன்னு தமிழ்லயே வந்துடுச்சு. பையன் கொஞ்சமும் அசரல. "சோகமான இடம் வந்தா எனக்குப் பசிக்கும், மிஸ். கறை எங்க அதிகம்னு பாருங்க." பார்த்தேன், கடைசிக் காட்சிதான்.

கார்ல கதை

எங்க கடைசிப் பரீட்சையில எழுத்தே கிடையாது. வீட்ல கேட்ட ஒரு கதையை வகுப்பு முன்னாடி நின்னு சொல்லணும், அவ்ளோதான். ஆனா என் வகுப்புல நிலான்னு ஒரு பொண்ணு, வருஷம் பூரா வாயே திறக்காதவ. இதையும் விட்டா ஃபெயில். அடுத்த வாரம் ஸ்கூல் பட்டமளிப்பு மேடை ஏற முடியாது.

அவ அப்பா செந்திலுக்கு போன் போட்டேன். ஈரோட்டுக்காரர். "டிராப் பண்ண வர்றப்ப கார்ல ஏதாவது கதை சொல்லுங்களேன்"ன்னேன். ரெண்டு மூணு நாள்ல அவரே கூப்பிட்டார், குரலே இறங்கிப் போயிருந்தது. "சொல்லிட்டுத்தானுங்க மேடம் இருக்கறேன். 'ம் கொட்டு கண்ணு'ன்னு கெஞ்சறேன். ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஜன்னலப் பாத்துட்டு வருதுங்க."

நிலாவின் முறை

பரீட்சை அன்னிக்கு நிலா முன்னாடி வந்து நின்னா. "ஈரோட்டுல ஒரு ஆடு டவுன் பஸ்ல ஏறிச்சு"ன்னு இங்கிலீஷ்ல ஆரம்பிச்சா. அப்படியே நின்னுட்டா. போச்சுடா, அவ்ளோதான்னு நினைச்சேன். அப்புறம் தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னா: "யாராவது 'ம்' சொல்லணும். எங்கப்பா கதைக்கு அதான் ரூல். சொல்லலைன்னா கதை நகராது."

முதல்ல "ம்"னது மேசன்தான். கண்டக்டர் ஆட்டுக்கு டிக்கெட் கேட்டார். ரெண்டு மூணு "ம்". ஆட்டுக்காரர் வாங்கின டிக்கெட்டை ஆடே தின்னுடுச்சு. வகுப்பு மொத்தமும் "ம்!" செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறினப்போ நிலா கையை ஆட்டி, முகத்தைக் கோணி, சிரிச்சுக்கிட்டே சொல்றா! சத்தியமா எனக்கு அழுகை வந்துடுச்சு. போர்டைத் துடைக்கற மாதிரி திரும்பி நின்னுக்கிட்டேன்.

சாயங்காலம் செந்திலைக் கூப்பிட்டு, நிலா பாஸ்னு சொன்னேன். அவ 'ம்' கேட்டதையும் சொன்னேன். அவர் மெதுவா கேட்டார்: "அப்போ... கார்ல கேட்டுட்டுத்தான் வந்துச்சுங்களா, மேடம்?"

வருஷம் பூரா உலகத்தையே சுத்திக் காட்டினவ நான். அந்தப் பொண்ணு வாயைத் திறக்க வெச்சது என்னவோ டிக்கெட் தின்ன ஈரோட்டு ஆடு.