கேபிள் மேல் ஒரு கப்பல்

வீட்டில் கணவர் நாலு தடவை கூப்பிட்டாலும் அவள் காதில் விழாது. ஆனால் கரையோர நிலையத்தில் எல்லோருக்கும் அவள் ‘காதக்கா’தான். கடலடியில் கிடக்கும் கேபிளுக்குள் ஒளியை அனுப்பி, அது நடுங்கித் திரும்பும் விதத்தைத் திரையில் பார்த்து, பூமிப் பிளவு அசைகிறதா என்று சொல்வது பதினோரு வருடமாக அவள் வேலை.

அன்று காலை திரை துடித்ததும் புது மேலாளர் பதறியடித்து ஓடிவந்தார்.

“பிளவு அசையுது! எச்சரிக்கை குடுத்துடலாமா?”

“உட்காருங்க சார். பூகம்பம்னா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கேபிள் முழுக்க ஆடிடும். இது ஒரே இடத்துல உரசிட்டு இருக்கு. யாரோ நங்கூரம் போட்டிருக்காங்க.”

அவர் துறைமுகத்துக்குப் போன் செய்தார். “அங்க கப்பலே இல்லைங்கறாங்கம்மா!”

“இருக்கு. ஆளனுப்பிப் பார்க்கச் சொல்லுங்க,” என்றுவிட்டு அவள் டீயை உறிஞ்சினாள்.

ஒரு மணி நேரத்தில் துறைமுக அதிகாரியே கூப்பிட்டார். இருப்பிடம் காட்டும் கருவியை அணைத்துவிட்டு, தடை செய்த இடத்தில் நின்ற சரக்குக் கப்பல் பிடிபட்டிருந்தது.

“எங்க திரையிலயே வரல. உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?”

“அதை அப்புறம் பேசிக்கலாம் சார். முதல்ல என் கேபிள் மேலேருந்து அந்தக் கப்பலை எழுந்திரிக்கச் சொல்லுங்க.”