அழுகை இல்லாத தோட்டத்தில் கருப்பாயி

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் யாருக்கும் ஒரு குறையும் கிடையாது. குறை என்று வாயைத் திறந்தவன் மண்டையில், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி பரஞ்சோதியின் பிரம்பு விழும், அவ்வளவுதான். காலையில் வரிசையில் நின்று ஜப்பான் ராஜா இருக்கும் திக்கென்று கிழக்கே குனிய வேண்டும். மரவள்ளிக்கிழங்கைத் தின்றுவிட்டு வயிறு நிறைந்ததாகச் சிரிக்க வேண்டும். அழக்கூடாது, சாவு வீட்டில்கூட.

கருப்பாயி அங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். பாலிங் ஊர் அம்மாசியம்மாளின் கடைசி மகள். சுற்றுவட்டாரத்தில் எங்கே சாவு விழுந்தாலும் ஒப்பாரி சொல்ல அம்மாசியம்மாளைத்தான் கூப்பிடுவார்கள். மகளுக்கும் அதே தொண்டை. வயது பதினெட்டு.

நோயாளியே இல்லாத தோட்டம் என்று கிராணி பெருமையடித்ததில், வந்தது வினை. திடமான ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிப்போக ஜப்பான் அதிகாரி லாரியோடு வருகிறாராம். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. பட்டியலில் முதல் ஆள் கருப்பாயியின் புருஷன் இருளப்பன்.

"நொண்டிக் காட்டட்டா புள்ள?"

"நேத்து சாயங்காலம் பந்து ஒதைச்ச காலுய்யா அது! கிராணி நம்புவாராக்கும்!"

அதற்குள் கிராணியே வந்துவிட்டார். "கருப்பாயி, வர்ற தொரைக்கு, துவானுக்கு, நீதான் வரவேற்புப் பாட்டு. சந்தோஷமா பாடு லா!"

வார்த்தையைக் கொடுத்தார், ராகத்தைக் கொடுக்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததோ ஒரே ராகம்.

லாரி வந்து நின்றது. "சூரியனா வந்தவரே, எங்க சொகம் காக்க வந்தவரே..." என்று தொடங்கினாள். கண் இருளப்பன்மேல் போனது. குரல் தானாக இழுத்தது.

அந்த ராகம் காதில் விழுந்தால் எங்கள் பெண்களுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. தலைமுடியை அவிழ்த்தார்கள், தோளோடு தோள் கட்டி வட்டமாக உட்கார்ந்து மாரடித்தார்கள். அத்தனை நாள் அடக்கிவைத்த அழுகை வேறு!

"சியாப்பா மாத்தி?" யார் செத்தது என்று அதிகாரி மலாயில் கத்தினார்.

"தாடா, துவான்! யாரும் சாகல, சந்தோஷப் பாட்டு!" கிராணிக்கு எந்தப் பாஷையில் பேசுவதென்றே தெரியவில்லை.

கருப்பாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "பாஞா மாத்தி, துவான்! நெறையப் பேரு!" வாந்தி எடுப்பதுபோல் அவர் பூட்ஸ் பக்கமாகவே குனிந்தாள். இருளப்பனுக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. கோவணத்தைப் பிடித்துக்கொண்டு புதருக்கு ஓடினான். அவன் பின்னாலேயே நாலு பேர் ஓடினார்கள்.

குண்டுக்குப் பயப்படாத அதிகாரி காலராவுக்குப் பயந்தார். லாரி வெறுமனே திரும்பியது. யாரும் உள்ளே வராதபடி தோட்டத்து வாசலில் கயிறு கட்டிச் சுண்ணாம்பு தூவினார்கள்.

"தோட்டத்துப் பேரையே கெடுத்திட்டியே தாயி!" என்று கிராணி தலையிலடித்துக்கொண்டார்.

"கெட்ட பேரே இருக்கட்டுங்கய்யா," என்றாள் கருப்பாயி. "எம் புருஷனும் இருக்கட்டும்."