கொக்கிக் காப்பு

கருவடிக்குப்பத்தில் எனக்கு ஒரு சின்னத் தோல் பட்டறை இருக்கிறது. கைப்பை, பெல்ட், பர்ஸ் தைக்கிறோம். என்னோடு இரண்டு பெண்கள் மெஷினில் உட்கார்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சினிமா டைரக்டர் அங்கே வந்தார். முப்பது வயதுகூட இருக்காது. எதிர்காலத்தில் நடக்கிற கதை எடுக்கிறாராம். அதில் ஹீரோ மணிக்கட்டில் ஒரு கருவி கட்டியிருப்பான். அதிலிருந்து ஒரு கம்பி பாய்ந்து போய்ச் சுவரைக் கவ்வும். அதில் தொங்கி அவன் மாடிக்கு ஏறுவான். ஓடுகிற ஆளைக் கவ்வினால் அப்படியே சுருட்டி இழுத்து வரும். கம்பி பாய்வதைக் கம்ப்யூட்டரில் சேர்த்துக்கொள்வார்கள். கையில் கட்டுகிற பட்டைதான் நிஜமாக வேண்டும் என்றார்.

"குளோசப்ல வரும் மேடம். பெல்ட் மாதிரித் தெரியவே கூடாது."

அந்தக் கருவிக்கு அவர் ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார். பட்டறையில் நாங்கள் கொக்கிக் காப்பு என்று சொல்லிக்கொண்டோம்.

அளவு கொடுக்க ஹீரோ வரவில்லை. அவருக்கு டூப் போடுகிறவர்தான் வந்தார். தவளக்குப்பத்துக்காரர், ஒல்லியான உடம்பு. பத்து வருஷமாகக் கயிற்றில் தொங்குவதுதான் வேலை. அளவு எடுத்து முடித்ததும் தோலை வளைத்துப் பார்த்தார்.

"அக்கா, இத நானே ஒத்தக் கையால கழட்ற மாரி வச்சிடுங்க."

"ஏன் தம்பி, சுத்தி ஆளுங்க இருப்பாங்கல்ல?"

"அவங்க கீழ இருப்பாங்க. மேல நான் மட்டுந்தானே."

அவர் சொன்னபடியே வெளிப்பக்கம் ஒரு பக்கிள் வைத்தேன். நாக்கைப் பிடித்து இழுத்தால் திறந்துவிடும். டைரக்டர் அதைப் பார்த்து முகம் சுளித்தார். "ஸ்கூல் பை மாதிரி இருக்கு மேடம். உள்ள மறைச்சிடுங்க."

மறைத்தேன். பக்கிளை உள்பக்கம் தள்ளி, மேலே இரும்புத் தகட்டை வைத்து மூடினேன். இனி போட்டிருப்பவர் தானே கழற்ற முடியாது, இன்னொருவர் இரண்டு கையாலும் கழற்ற வேண்டும் என்று தைக்கும்போதே தெரியும். டூப் தம்பியின் நம்பர் என் போனில் இருந்தது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த வேலை எனக்குப் பிடித்துப்போயிருந்தது. எருமைத் தோல் இரண்டு மடிப்பு, நைலான் நூலில் இரட்டைத் தையல். முடித்து வைத்தபோது கையோடு பிறந்தது போல இருந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன்.

சரிபார்க்க டூப் தம்பி மறுபடி வந்தார். வலது கையில் கட்டிவிட்டேன். இடது கையால் தடவிப் பார்த்தார்.

"லாக்கு எங்கக்கா?"

"உள்ள போயிடுச்சு தம்பி. டைரக்டர் அப்படித்தான் கேட்டாரு."

தகட்டின் விளிம்பை நகத்தால் நெம்பிப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சரி வுடுங்க. வெயிட்டு இடுப்பு ஜாக்கெட்லதான் நிக்கும். கைக்கு சும்மா பேருக்குதான் கம்பி." எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

கடலோரம் பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கில் படப்பிடிப்பு நடந்தது. தகட்டில் பெயிண்ட் உரிந்துவிட்டது என்று காலையிலேயே என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். சரி செய்து தம்பி கையில் கட்டிவிட்டு ஓரமாக நின்றேன். இடுப்பில் ஒரு கம்பி, கை இழுபடுவது போலத் தெரிய மணிக்கட்டில் ஒரு கம்பி. இரண்டும் மேலே உருளைகளில் ஓடின. இரண்டு தடவை ஒழுங்காக ஏறி இறங்கினார். மூன்றாவது தடவை, இரண்டாம் மாடி உயரத்தில், இடுப்புக் கம்பி பட்டென்று விட்டுப்போனது. மணிக்கட்டுக் கம்பி உருளையில் சிக்கி நின்றது. அவர் உடம்பு மொத்தமும் அந்த ஒரு கையில் தொங்கியது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. நடிக்கிறார் என்றே நினைத்தோம். டைரக்டர் கட் சொல்லவில்லை.

கீழே ஒரு ஜன்னலின் சன்ஷேடு இருந்தது. அவருடைய கால் விரல் நுனி அதைத் தொட்டது. பட்டையை மட்டும் கழற்ற முடிந்திருந்தால் அதில் இறங்கி நின்றிருப்பார். இடது கை பட்டை மேல் ஓடி ஓடித் தேடியதை நான் பார்த்தேன். பிறகு குனிந்து கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தார்.

"அக்கா, கழட்டச் சொல்லுக்கா!"

முதலில் கொண்டுவந்த ஏணி எட்டவில்லை. வேறு ஏணிக்கு ஓடினார்கள். இழுத்த இழுப்பில் தகடு பக்கிள் மேல் அழுந்தியிருந்ததால், என் தோல் வெட்டுகிற கத்தியை லைட் ஆள் ஒருவரிடம் கொடுத்து ஏற்றினேன். "தகட்டுக்கு அடியில! உள்பக்கமா அறு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்த லைட் ஆள் அறுத்துக்கொண்டே இருந்தார். தோல் விடவில்லை, நூலும் விடவில்லை. ஒருவழியாக இறக்கியபோது கை கறுத்திருந்தது. கேமரா அதுவரை ஓடிக்கொண்டிருந்ததால், எவ்வளவு நேரம் என்று பிறகு தெரிந்தது. பதினோரு நிமிஷம்.

இரண்டு ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு விரல் போய்விட்டது. மற்றவை மடங்கவில்லை.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் அறுத்த பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு தையல்கூடப் பிரியலயேம்மா. உங்க வேலைல ஒரு கொறையும் இல்ல" என்று எழுதிக்கொண்டு போனார். பட்டறைப் பெண்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். நான் பின்பக்கம் போய், போனில் இருந்த அந்தப் பட்டையின் போட்டோவை அழித்தேன்.

ஒரு மாதம் கழித்து, சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து அப்படியே தவளக்குப்பத்துக்கு பஸ் ஏறினேன். அவர் மனைவி வாசலிலேயே நின்றார்.

"நீங்கதான் அத தச்சவங்களா?"

"ஆமாம்மா."

"ஒத்தக் கையால கழட்ற மாரி வைங்கன்னு அவரு சொன்னாரா, இல்லியா?"

"சொன்னாரு."

கதவைச் சாத்தவில்லை. நகர்ந்து வழி விட்டார். சாத்தியிருந்தால்கூட இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

உள்ளே அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கை தலையணை மேல் இருந்தது. "வாங்கக்கா" என்றார். "அவ பேசறத மனசுல வச்சிக்காதீங்க. டைரக்டர் கேட்டத நீங்க செஞ்சீங்க."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். முடியவில்லை.

"நான் உங்களுக்கு ஒரு போன் பண்ணிருக்கலாம் தம்பி."

அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா. பண்ணிருக்கலாம்."

அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அந்தப் படம் வெளிவரவேயில்லை. போன மாதம் பெரிய மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். மனைவி மீன் பேரம் பேசிக்கொண்டிருந்தார். இவர் வலது கையைப் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு, இடது கையில் பையைப் பிடித்தபடி நின்றார். என்னைப் பார்க்கவில்லை. நான் பூக்கடைப் பக்கமாகத் திரும்பி, மீன் வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.