தங்கச்சி கல்யாண வெப்சைட்டும் நான் எழுதின ஒரு வரியும்

எனக்கு வாய்க்கொழுப்பு. கைக்கொழுப்பு அதைவிட ஜாஸ்தி. நல்லவன் மாதிரி வேஷம் கட்டிக்கினு இதை எழுத முடியாது.

தங்கச்சி கல்யாணத்துக்கு வெப்சைட் போடலாம்னு ஆரம்பிச்சேன். விழுப்புரத்துல ஒரு கம்ப்யூட்டர் சென்டர்ல எனக்கு வேலை. ஆனா புதுசா எழுதற அளவுக்கு நமக்கு ஏது மூளை? எவனோ ஒரு புண்ணியவான் தன் கல்யாணத்துக்குப் பண்ண வெப்சைட்டை, அதுக்கு எழுதின புரோகிராம் கோடு மொத்தத்தையும் யாரு வேணா எடுத்துக்கோங்கன்னு நெட்டுல போட்டு வெச்சிருந்தான். ஒரு காப்பி என் கணக்குக்கு எடுத்துக்கினேன். கலரை மாத்தினேன், பேரை மாத்தினேன், திண்டிவனம் மண்டபத்துக்கு மேப் வெச்சேன். அடியில 'இதோட கோடு இங்கே இருக்கு'ன்னு அந்தாளு வெச்சிருந்த லிங்க்கையும் என் காப்பிக்குத் திருப்பி வுட்டேன். நாலு பேரு பார்த்து மெச்சட்டுமேன்னுதான்.

அவன் வெப்சைட்டுல பொண்ணோட தோழிங்க ஒரே கலர் கவுன்ல நிக்கிற பக்கம் ஒண்ணு இருந்தது. நம்ம ஊட்டுக்கு அது எதுக்கு? தூக்கிட்டு 'வளத்தவங்க'ன்னு போட்டேன். அதுல சின்னம்மா போட்டோ, கீழ அவங்க பேரு. எங்கம்மாவோட தங்கச்சி. அம்மா படுத்த படுக்கையா கெடந்த மூணு வருஷம், தங்கச்சியை ஒலக்கூர் பக்கம் தன் ஊட்டுக்குத் தூக்கிம்போய் வளத்தது அவங்கதான். புருஷன் செத்ததிலிருந்து எந்தப் பத்திரிகையிலயும் அவங்க பேரு வந்ததில்ல. தாலி இல்லாதவங்க பேரை எங்க சொந்தத்துல அச்சடிக்க மாட்டாங்க. "நெட்டுலதானடா, அதுலயாச்சும் எம்பேரு வருமா?"ன்னு கேட்டாங்க. "உம்பேரு இல்லாமயா சின்னம்மா!"ன்னேன். போட்டதும் லிங்க் அனுப்பினேன். களை வெட்டப் போன எடத்துலல்லாம் போனைக் காட்டினாங்களாம்.

ரெண்டே நாள். மாப்பிள்ளையோட அம்மா போன் பண்ணி, "சுபகாரியத்துல அந்தம்மா மூஞ்சி எதுக்கு?"ன்னுட்டாங்க. எங்கம்மா என் மேல பாய்ஞ்சாங்க. "வேலியில போன ஓணானை எடுத்து வேட்டியில வுட்டுக்கினியே! ஜல்தி தூக்குடா. சம்பந்தம் முறிஞ்சுதுன்னா உன்னை வெட்டிப் போட்ருவேன்." சின்னம்மா அவங்க கூடப் பொறந்த தங்கச்சி. அவங்களுக்கே வலிக்கல, எனக்கென்ன?

தூக்கினேன். ஒவ்வொரு தடவை எதையாவது மாத்தி ஏத்தறப்பவும், என்ன மாத்தினோம்னு ஒரு வரி எழுதணும். அந்த வேலையோட மொறை அது. எல்லார் மேலயும் இருந்த கடுப்புல, 'தாலியறுத்தவளைத் தூக்கியாச்சு'ன்னு தட்டிட்டேன். ஓசியில ஏத்தணும்னா கோடு எல்லாருக்கும் தொறந்து கெடக்கணும். பழைய பக்கம், மாத்தின பக்கம், எழுதின வரி, எழுதினவன் பேரு எல்லாம் வரிசையா நிக்கும். இது தெரியாதவனா நான்? தெரியும். எவன் போய்ப் படிக்கப் போறான்னு ஒரு திமிரு.

"எம்போட்டோ காணோமேடா"ன்னு சின்னம்மா போன் பண்ணாங்க. "உன் போன் பழசு சின்னம்மா, வெப்சைட்டைப் புதுசு பண்ணிட்டதால இப்ப அதுல லோடு ஆவாது"ன்னேன். நம்பிட்டாங்க.

அடுத்த ஞாயித்துக்கெழமை நானும் அம்மாவும் தட்டுல வெத்தல பாக்கு வெச்சிக்கினு அவங்க ஊட்டுக்குப் பத்திரிகை வெக்கப் போனோம். வாசல்ல மல்லாட்டைக் கடலை காயவெச்சிக்கினு இருந்தாங்க. உள்ளேயிருந்து அவங்க பொண்ணு வந்தா, காலேஜ்ல கம்ப்யூட்டர் படிக்கிறவ. தனக்கும் ஒரு காப்பி எடுக்கலாம்னு வெப்சைட்டுக்கு அடியில இருந்த கோடு லிங்க்கை அழுத்திப் பார்த்திருக்கா. "வாங்க"ன்னு கூட சொல்லல. போனைத் தூக்கிப் புடிச்சி, நிறுத்தி நிதானமா அந்த வரியைப் படிச்சா.

"அது சென்டர்ல எவனோ வெளையாடிட்டான்"னேன்.

"உன் பேருதாண்ணா போட்டிருக்குது."

எங்கம்மா நீட்டின தட்டை எறக்காம, "வந்த எடத்துல பேஜாரு பண்ணாதடி. நீ பத்திரிகையை வாங்கு"ன்னு சின்னம்மாகிட்ட சொன்னாங்க. சின்னம்மா கையைப் பொடவையில தொடச்சிக்கினு வாங்கிக்கினாங்க. ஒரு வார்த்தை திட்டியிருந்தா நானும் எகிறியிருப்பேன். திட்டல.

"இப்பவே மொத்தத்தையும் அழிச்சிட்றேன் சின்னம்மா, ஒண்ணு வுடாம"ன்னு போனை எடுத்தேன்.

சின்னம்மா பொண்ணு பக்கம் திரும்பினாங்க. "அழிச்சா எம்போட்டோ?"

"முன்னாடி நீ இருந்த பக்கமும் அந்தப் பழைய வரிசையிலதாம்மா இருக்குது. அதுவும் போயிடும்."

"அப்ப அழிக்காதடா"ன்னாங்க. "அதுலயாச்சும் இருந்துட்டுப் போறேன்."