அவருக்குப் போட்ட பொன்னாடை

என் முதல் நாவலைச் சமையலறையில்தான் எழுதினேன். இதைச் சொன்னால் சிலர் உருகிப்போகிறார்கள். உருக ஒன்றுமில்லை. மலேசியாவில் பெடாஸுக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறது எங்கள் வீடு. என் வீட்டுக்காரருக்கு சுங்கை காடுட்டில் தொழிற்சாலை வேலை. இரவு ஷிப்ட் வாரங்களில் பகலெல்லாம் தூங்குவார். நான் மடிக்கணினியில் தட்டுகிற சத்தம் அவருடைய தூக்கத்தைக் கெடுக்குமாம். ஜன்னலுக்கு வெளியே புல்வெட்டும் இயந்திரம் ஓடும்போது குறட்டை விடுகிற மனிதர் அவர். அதனால் அந்த வாரங்களில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையால் எழுதுவேன். அவருக்குப் பகல் ஷிப்ட் வந்ததும் அதையே மறுபடி தட்டச்சு செய்வேன்.

பிள்ளைகள் பள்ளி வேனில் ஏறியதிலிருந்து மதியச் சோறு வடிக்கும்வரைதான் எனக்கான நேரம். அதிலும் பங்குக்கு ஆள் வரும். கோயிலில் அன்னதானமா, கல்யாண வீட்டில் காய் நறுக்க வேண்டுமா, முதல் போன் எனக்குத்தான்.

"அக்கா, வீட்டுல சும்மாதானே இருக்கீங்க, கொஞ்சம் வாங்கலா."

முதல் நாவல் அச்சுக்குப் போயிருந்த நேரம், நான் இரண்டாவது நாவலின் எட்டாவது அத்தியாயத்தில் இருந்தேன். அதில் ஒரு கிழவர் செத்துக்கொண்டிருந்தார். அவரைப் பாதி உயிரோடு விட்டுவிட்டுப் போய் வெங்காயம் உரிப்பேன். திரும்பி வந்து பார்த்தால் கிழவர் அப்படியே கிடப்பார், எனக்குத்தான் அடுத்த வரி வராது. இப்படியே போனால் இந்த நாவல் முடியவே முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

பிள்ளைகளை நான் குறை சொல்லவில்லை. மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் காலை மடியில் போட்டுக்கொண்டு எழுதிய பக்கங்கள்தான் முதல் நாவலிலேயே நல்ல பக்கங்கள். பிள்ளை வளர்த்துக்கொண்டே எழுதலாம். 'சும்மா இருக்கிறாள்' என்று சொல்கிற பெரியவர்களை வைத்துக்கொண்டு எழுதுவதுதான் பெரும்பாடு.

அந்த முதல் நாவலுக்குத் தம்பினில் ஓர் இலக்கியக் குழு வெளியீட்டு விழா வைத்தது. எங்கள் பக்கத்தில் விழாவில் பேச்சு சரியில்லை என்றால் மறுநாளே மறந்துவிடுவார்கள். விருந்தில் வைக்கிற மீகூன் சேமியாவில் உப்பு குறைந்தால் மறக்கவே மாட்டார்கள். அதனால் குழுத் தலைவர் முன்கூட்டியே போன் செய்தார்.

"கேட்டரிங் எல்லாம் வேணாம்மா. உங்க கைப்பக்குவம் தோட்டத்துக்கே தெரியும். வீட்டுச் சாப்பாடுன்னா வர்றவங்க சந்தோஷப்படுவாங்க."

புத்தகம் எழுதியவளே வடையும் சுட வேண்டும். மீசை வைத்த எந்த எழுத்தாளரிடமாவது இப்படிக் கேட்டிருப்பாரா இந்த மனிதர்? நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் போனை வாங்கி, "செஞ்சிரலாம் சார், அது ஒரு விஷயமே இல்ல" என்று முடித்துவிட்டார்.

விழா நாளில் சிறப்பு விருந்தினர் வழக்கம்போல் தாமதமாக வந்தார். வடை ஆறிப்போயிற்று. "கொஞ்சம் சூடா போட்டுக் குடுங்கம்மா" என்று என்னைப் பின்னால் அனுப்பினார்கள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மண்டபத்தின் பின்பக்கம் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றேன். அங்கே நிற்கும்போதுதான் ஒலிபெருக்கியில் கேட்டது.

"மனைவியை எழுத விட்ட பெருந்தன்மைக்காக, நூலாசிரியரின் கணவருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம்!"

வடைத் தட்டோடு வாசலுக்கு ஓடினேன். மேடையில் அவர் கழுத்தில் சரிகை மின்னுகிறது. கையில் மைக்கைக் கொடுத்தார்கள். மனிதர் பேசினார்.

"அவ எழுதுறான்னு ஒரு நாளும் எனக்குச் சாப்பாடு லேட்டானது இல்லைங்க. பிள்ளைங்க உடுப்பு ஒரு நாளும் அயர்ன் பண்ணாம போனது இல்லைங்க."

அன்று எழுந்த கைத்தட்டல்களிலேயே பெரியது அதற்குத்தான். என் நாவலைப் பற்றிப் பேசியவருக்கு அதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு பழக்கூடையைக் கையில் கொடுத்தார்கள். தலைவர் என் காதருகே குனிந்து, "ஒரே குடும்பம்தானேம்மா, அதான் பொன்னாடை ஒண்ணே ஒண்ணு வாங்கினோம்" என்றார். அந்தப் பழங்களையும் நான்தான் கழுவி நறுக்கி விருந்தினருக்கு வைத்தேன்.

வீடு திரும்பும்போது காரில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பதுதான் அதிகம் எரித்தது. அந்த வீட்டில் எதுவுமே தாமதமானதில்லை, என் எழுத்தைத் தவிர. அவரோ பொன்னாடையைக்கூடக் கழற்றாமல் ஓட்டிக்கொண்டு வந்தார்.

"நல்ல பேருலா உனக்கு. அடுத்த புக்கையும் எழுது. ஆனா இதே மாதிரி வீடு கெடாம எழுதணும்."

வாயைத் திறந்தால் கத்திவிடுவேன், பின்சீட்டில் பிள்ளைகள் இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பிள்ளைகளுக்கு ரொட்டியில் ஜாம் தடவிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். அடுப்பு பற்ற வைக்கவில்லை. அவர் வேலைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"பசியாற ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். எழுதுறேன். அந்தப் பொன்னாடையப் போத்திக்கிட்டு முச்சந்திக் கடைக்குப் போங்க. பொண்டாட்டிய எழுத விட்டவருன்னு சொல்லுங்க, ரொட்டி சானாய் ஓசியிலயே குடுப்பாங்க."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பசியோடு போகிறாரே என்று மனசு கேட்கவில்லை. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை.

வேன் வந்து பிள்ளைகளும் போனார்கள். கொஞ்ச நேரத்தில் யாரோ கல்யாண வீட்டிலிருந்து போன் அடித்தார்கள். அது அடித்து ஓய்ந்தது. எட்டாவது அத்தியாயத்தில் மாதக்கணக்காக இழுத்துக்கொண்டு கிடந்த கிழவர், அன்று காலையில்தான் நிம்மதியாகக் கண்ணை மூடினார்.