போகாத தலைவலி வேண்டும்

என் தலைவலிகளை எனக்கு நன்றாகத் தெரியும். சளி கோத்துக்கொண்டால் புருவத்துக்கு மேலே கனக்கும், குனிந்தால் நெற்றியே கழன்று விழுகிற மாதிரி இருக்கும். ஆவி பிடித்தால் போய்விடும். காளவாசல் ஸ்டாப்பில் வெயிலில் பஸ்ஸுக்கு நின்றால் உச்சந்தலை காந்தும். காலைக் காபி தப்பினால் பிடரியில் ஆரம்பிக்கும். இவையெல்லாம் சாதுவானவை. இன்னொன்றுதான் என்னைப் படுத்தி எடுத்தது.

அது வருவதற்கு முன் இடது கண்ணோரம் வெளிச்சம் நெளியும். எதிரில் நிற்பவர் முகத்தில் பாதி காணாமல் போகும். கொஞ்ச நேரத்தில் இடப்பக்க மண்டை மட்டும் விண் விண்ணென்று தெறிக்கும். தாளிக்கிற வாசனை ஆகாது, மல்லிகைப்பூ ஆகாது, குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்காது.

கல்யாணமாகி நாலு வருஷமாகியும் குழந்தை இல்லாதவளுக்கு, அதுவும் வரிசை வீடுகளில் குடியிருப்பவளுக்கு, இப்படியொரு தலைவலி வரவே கூடாது. நான் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டால் அடுத்த வீட்டு அக்காவுக்கு முகம் மலர்ந்துவிடும். நாள் கணக்கைச் சொல்லி மறுக்கலாமென்றால், அதுவும் எனக்கு எப்போதும் முன்னே பின்னேதான்.

ஒரு கோடையில் என் மாமியார் எழுமலையிலிருந்து ஒரு பை மாங்காயோடு வந்திருந்தார். அன்று அடுப்பில் கடுகு வெடித்ததும் நான் கொல்லைக்கு ஓடினேன். பின்னாலேயே வந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

"வெறும் தலவலிதான் அத்தை."

"சும்மா இரு தாயி. தலவலிக்கு யாராச்சும் இம்புட்டு வாந்தி எடுப்பாகளா?"

மாத்திரையைத் தேடி எடுத்தேன். அதையும் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். "வயித்துல இருக்குறதுக்கு ஆகாதுத்தா. பொறுத்துக்க."

நாலு வருஷத்தில் ஒரு சொல் குத்திப் பேசாத மனுஷி. அவரிடம் எப்படிச் சண்டை போடுவது? ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருட்டில் படுத்தேன். அடுத்த வீட்டு அக்காவிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தது சுவர் தாண்டிக் கேட்டது. ஒவ்வொரு வார்த்தையும் மண்டைக்குள் இடித்தது. எனக்கு ஆத்திரமாகவும் அழுகையாகவும் வந்தது.

ஆபீஸ் விட்டு வந்த கணவருக்கு வாசலிலேயே சேதி சொல்லியாகிவிட்டது. என் காலடியில் வந்து உட்கார்ந்தார்.

"நெசமாவா?" என்றார், சின்னக் குரலில்.

வாயைத் திறந்தால் குமட்டும். நான் பேசாமல் கிடந்தேன். அதையே பதிலாக எடுத்துக்கொண்டு என் பாதத்தை மெல்லப் பிடித்துவிட்டார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வலி இறங்கத் தொடங்கியது. எப்போதும் அப்படித்தான், குமட்டல் நின்று, பசிக்கும். வெளியே அத்தை மாங்காய் நறுக்கும் சத்தம் கேட்டது. இது முழுசாகப் போய்விட்டால் வெறும் தலைவலி என்று ஆகிவிடும். நான் கண்களை இறுக மூடிக்கொண்டு, போகாதே, இன்னும் கொஞ்சம் இரு என்று அந்தத் தலைவலியிடம் கெஞ்சினேன்.